மூலத்தில் படித்தீர்களா?

இலக்கியக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வந்து விழும். "மூலத்துல படிச்சீங்களா?" கேட்பவரின் குரல் மென்மையாகத்தான் இருக்கும். எதிரில் இருப்பவர் "இல்லைங்க, தமிழ்ல, சுருக்கின பதிப்பு" என்று சொன்னதும் ஒரு சின்னத் தலையாட்டல் வரும். அதற்கப்புறம் அந்த நாவலைப் பற்றி அவர் என்ன பேசினாலும் கணக்கில் வராது. மேடையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களுக்கு இப்போது நம்மிடையே ஒரு புது மவுசு வந்திருக்கிறது. 'வுதரிங் ஹைட்ஸ்', 'ஜேன் அயர்', 'மிடில்மார்ச்' என்று துணி அட்டை போட்ட பதிப்புகளை என் வயதுக்காரர்கள், என்னோடு கோடு எழுதுபவர்கள், தேடித்தேடி வாங்குகிறார்கள். படிக்கவும் செய்கிறார்கள், சந்தோஷம்தான். ஒரு நாவலை நூற்றைம்பது வருஷம் கழித்து ஒருவர் காதலிப்பதில் எனக்கு என்ன புகார் இருக்க முடியும்?

புகார் வேறு. அந்தக் காதலுக்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு, அது ஆங்கில மூலம், மற்ற வழியில் வந்தவர்கள் எல்லாம் சுவர் ஏறிக் குதித்தவர்கள் என்கிற எண்ணம் இருக்கிறதே, அதோடுதான் என் சண்டை. விக்டோரியா கால நாவல் இன்றுவரை சாகாமல் இருப்பது அதை மூலத்தில் பூஜித்தவர்களால் மட்டும் இல்லை. அதில் துணிந்து கை வைத்தவர்களாலும்தான். சுருக்கினார்கள், பேர் மாற்றினார்கள், ஊர் மாற்றினார்கள், வாயால் சொன்னார்கள், நாடகம் போட்டார்கள், சினிமா எடுத்தார்கள். நாவல் நாலு பேர் கைக்குப் போனது இப்படித்தான்.

*

நான் தேசூர்க்காரன். வந்தவாசிப் பக்கம். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கிற சேலைகளில் ஒரு பங்கு எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்ததுதான். ஆரணி என்றதும் உங்களுக்குப் பட்டு ஞாபகம் வரும். எனக்குக் கூடவே ஒரு நாவலாசிரியர் ஞாபகம் வருவார். ஆரணி குப்புசாமி முதலியார். 1925-இல் மறைந்தவர். 'இரத்தினபுரி இரகசியம்', 'மின்சார மாயவன்' என்று எழுதிக் குவித்தவர். 1915-இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' இதழ் வழியாகப் பெரிய வாசகர் கூட்டத்தை எட்டியவர். அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை ஆங்கில நாவல்களின் தழுவல்கள். அவருக்குக் கைகொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ்.

ரெயினால்ட்ஸை இன்று துணி அட்டை போட்டு அழகுக்கு அடுக்கிவைப்பவர்கள் யாரும் இல்லை. ஆனால் அவர் காலத்தில் அவருக்கு இருந்த வாசகர் கூட்டம் டிக்கன்ஸுக்கே எரிச்சல் மூட்டியது. 1844-இல் ஆரம்பித்த 'லண்டன் மர்மங்கள்' வாரம் ஒரு பென்னி விலையில் வந்தது. வாங்கியவர்கள் தொழிலாளிகள், வேலைக்காரப் பெண்கள், கடைப் பையன்கள். எழுதியவர் சும்மா மர்மக்கதைக்காரரும் இல்லை. ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் இருந்தவர், 1848-இல் டிரஃபால்கர் சதுக்கக் கூட்டத்தில் தலைமை ஏற்றுப் பேசியவர். பிரபுக்களின் மாளிகையையும் சேரிச் சந்தையும் ஒரே கதையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அந்த ரெயினால்ட்ஸ்தான் கப்பலேறி இங்கே வந்து கொடி கட்டினார். பிரியா ஜோஷி, இந்தியாவில் ஆங்கில நாவல் எப்படி வாசிக்கப்பட்டது என்று ஆராய்ந்து 2002-இல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாகக் காட்டுகிறார். பாடத்திட்டம் கொடுத்த ஆசிரியர்களை இந்தியர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். ஆசைக்குப் படித்தது ரெயினால்ட்ஸை. வங்காளத்தில், இந்தியில், உருதுவில், தமிழில் அவரைத் தங்கள் ஊர்க்காரராக மாற்றிக்கொண்டார்கள்.

தமிழில் யார் யார் மாற்றினார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள், அதற்கு ஐந்து வருஷம் முன்னால் எழுதிய 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி', ரெயினால்ட்ஸின் 'லைலா' நாவலின் தழுவல். வடமொழிச் சொல்லே கூடாது என்று பிறகு சொன்ன மனிதருக்கு, லண்டனில் மலிவு விலைக்கு எழுதியவரின் கதையை எடுத்துத் தமிழாக்கக் கூச்சம் இருக்கவில்லை. கதை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது தமிழில் எப்படி நிற்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு தேதிப் பொருத்தம் சொல்கிறேன். தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879. ரெயினால்ட்ஸ் இறந்ததும் அதே 1879. நாவல் என்கிற சாமான் நம் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, அதை எப்படி வாசிப்பது என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் அந்த மனிதரும் ஒருவர். ராஜமய்யரும் மாதவையாவும் கல்லூரி வழியாக வந்தார்கள், சரி. வாசகர்கள் எந்த வழியாக வந்தார்கள்? ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் போட்ட வழியாகத்தான் பெருங்கூட்டம் வந்தது. அடுத்த பாகம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பழக்கம் அவர்களிடம் உருவானது. கல்கியின் தொடர்கதைகளுக்கு வாரம் தவறாமல் காத்திருந்த வாசகர் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

*

இந்த இடத்தில் புதுமைப்பித்தனைக் கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டியவர்தான். தழுவலை அவர் அளவுக்குக் காரமாக எதிர்த்தவர் குறைவு. மொழிபெயர், தழுவாதே என்பது அவர் கட்சி. வாதத்தில் வலு இருக்கிறது. வேறொரு தேசத்து மனிதனைக் கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து வேட்டி கட்டிவிட்டால், அவன் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்நியத்தன்மை என்கிற, பிற இலக்கியம் தரக்கூடிய பெரிய பரிசு கைநழுவிப் போகிறது. அடுத்தவன் கதையை எடுத்துத் தன் பேர் போட்டுக்கொள்வது திருட்டு என்பதும் நியாயம்தான்.

ஆனால் அவர் இதைச் சொன்னது யாரிடம்? எழுத்தாளனிடம். உன் தொழிலில் நாணயமாக இரு என்றார். நாம் அந்தக் கல்லை எடுத்து வாசகன் மேல் எறிந்துகொண்டிருக்கிறோம். நீ தழுவலைப் படித்தவன், சுருக்கத்தைப் படித்தவன், உன் வாசிப்பு வாசிப்பே இல்லை என்று. அதைப் புதுமைப்பித்தன் கணக்கில் எழுதக் கூடாது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். அவர் கதைகளிலேயே மாப்பசானைத் தழுவியவை சில உண்டு. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காகவா அதையெல்லாம் செய்தார்? மூலத்துக்குப் போக வழியில்லாதவருக்கும் கதை போய்ச் சேர வேண்டும் என்கிற தவிப்பு அவருக்கும் இருந்தது.

மூலம் மூலம் என்கிறோமே, அந்த மூலத்தின் சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டிக்கன்ஸ் 1858 முதல் ஊர் ஊராகப் போய்த் தன் நாவல்களைக் காசு வாங்கிக்கொண்டு மேடையில் வாசித்தார். முழுசாக அல்ல. தானே வெட்டி, தானே சுருக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கி. அவர் நாவல் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே, முடிவு என்ன என்று அவரே எழுதுவதற்கு முன்னால், லண்டன் நாடகக் கொட்டகைகள் தாங்களாக ஒரு முடிவு வைத்து நாடகம் போட்டன. ரெயினால்ட்ஸ் டிக்கன்ஸின் பிக்விக்கைத் தூக்கிப் பாரிஸுக்கு அனுப்பி ஒரு நாவலே எழுதினார், அனுமதி கேட்காமல். விக்டோரியா கால வாசிப்பு என்பது நம் ஊர்த் திருவிழாக் கூத்து மாதிரி இருந்திருக்கிறது. நாம் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தொடாதே என்று பலகை மாட்டுகிறோம்.

*

இனி எங்கள் ஊர்க் கதை ஒன்று. ரெயினால்ட்ஸ் பற்றி அல்ல, ஜார்ஜ் எலியட் பற்றி. மூலவாதிகள் மறுக்க முடியாத ஆசிரியர் வேண்டும் என்பதற்காகவே.

'சைலஸ் மார்னர்' 1861-இல் வந்தது. கதாநாயகன் கைத்தறி நெசவாளி. நகரத்தில் லேன்டர்ன் யார்டு என்கிற ஒரு சின்னச் சபையில் பக்தியாக இருந்தவன். நண்பன் ஒருவன் திருட்டுப் பழியை இவன்மேல் போட, சீட்டுப் போட்டுப் பார்த்துச் சபையும் இவன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுகிறது. ஊரை விட்டு வந்து ரேவலோ என்கிற கிராமத்தில் பதினைந்து வருஷம் தனியாக நெய்கிறான், தங்கக் காசு சேர்க்கிறான். காசு களவு போகிறது. ஒரு புத்தாண்டு இரவில் பொன்னிறத் தலைமுடியோடு ஒரு குழந்தை அவன் வீட்டுக்குள் தத்தித் தத்தி நடந்து வருகிறது. பொன்னுக்குப் பதில் பெண். எல்லாரும் விரும்பும் பகுதி இதுதான். பணத்தைவிட அன்பு பெரிது என்று எழுதி மார்க் வாங்கலாம்.

நம் நாட்டுக் கல்லூரிகளில் இந்த நாவல் நீண்ட காலம் நான்-டீட்டெயிலாக இருந்தது. எங்கள் பெரியப்பா ஒருவர் பி.யூ.சி.யில் இதன் சுருக்கத்தைப் படித்தார். படிப்பு அதோடு நின்றது, தறிக்கு வந்துவிட்டார். ஆனால் கதை நிற்கவில்லை. தறி வீட்டில் அதை வருஷக்கணக்கில் சொல்லியிருக்கிறார். சைலஸ் என்பது எங்கள் வீட்டில் 'சீலய்யா'. எப்பி என்கிற குழந்தை வெறும் 'பாப்பா'. ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்கள்தான் முக்கால்வாசிக் கேட்பவர்கள். கதை பாதியில் நிற்கும், சண்டை ஆரம்பிக்கும்.

அவர்கள் சண்டை போட்ட இடங்கள் எவை என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் இடம்: சீலய்யாவுக்கு முதல் வேலைக்கு ஐந்து தங்கக் காசு கூலி கிடைக்கிறது. உடனே கேள்வி. "நூலு யாருது?" முதலாளி கொடுத்த நூலா, சொந்த நூலா, துணி கேட்டவங்க கொடுத்த நூலா? சுருக்கப் பதிப்பில் அதற்குப் பதில் இல்லை. பெரியப்பாவுக்கும் தெரியாது. இந்தக் கேள்வியை எந்த விமர்சகரும் கேட்டு நான் படித்ததில்லை. ஆனால் பட்டையும் ஜரிகையையும் முதலாளியிடம் வாங்கிவந்து கூலிக்கு நெய்யும் ஒருவருக்கு இதுதான் முதல் கேள்வி. கூலி என்ன, விலை என்ன என்பது அதில்தான் இருக்கிறது.

பல வருஷம் கழித்து, இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் மூலத்தை எடுத்தேன். பதில் இருந்தது. ஊர்ப் பெண்கள் தாங்களே நூற்று வருஷக் கடைசியில் கொஞ்சம் நூல் சேர்த்து வைத்திருப்பார்கள், அதை நெய்து கொடுப்பவனாகத்தான் சைலஸுக்கு அந்த ஊரில் மதிப்பு. இன்னொன்றும் இருந்தது. அதற்கு முன்னால் லேன்டர்ன் யார்டில் அவன் ஒரு மொத்த வியாபாரியிடம் வாரக் கூலிக்கு நெய்தவன், அதிலும் பெரும் பகுதி சபைக்குப் போய்விடும். முழுக் கூலியும் தன் கையில், தனக்கே என்று விழுவது அதுதான் முதல் தடவை. அவன் காசை எண்ணி எண்ணிப் பார்ப்பது கருமித்தனம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தறி வீட்டில் உட்கார்ந்து படித்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. வாங்கின முன்பணத்துக்கே நெய்து நெய்து கழிக்கிற ஒருவர் அந்த ஐந்து காசைப் பார்க்கும் பார்வை, உங்கள் பேராசிரியரின் பார்வை இல்லை.

இரண்டாவது இடம்: குழந்தை எங்கேயாவது ஓடிவிடாமல் இருக்க, லினன் துணிப் பட்டையால் அதன் இடுப்பைத் தறியோடு கட்டிவைக்கிறான் சைலஸ். தறியில் புது வேலை ஏற்றும் நாள், கத்தரிக்கோல் கையில் தேவைப்படும் நாள். கொஞ்சம் அசந்த நேரத்தில் குழந்தை அந்தக் கத்தரியாலேயே பட்டையை வெட்டிக்கொண்டு ஓடிவிடுகிறது. புதுப் பாவை பழைய பாவோடு பிணைக்கிற நேரத்தில் நெசவாளிக்குப் பக்கத்தில் என்ன நடந்தாலும் தெரியாது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் சொல்வார்: "அந்தம்மா எங்கியோ தறி வூட்டுல ஒக்காந்து பாத்துட்டுதான் எய்திக்கிது." ஜார்ஜ் எலியட்டுக்கு இதைவிட நல்ல மதிப்புரை கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது இடம்தான் பெரிய சண்டை. பதினாறு வருஷம் கழித்துப் பெற்ற அப்பன், பணக்காரன், வந்து கூப்பிடுகிறான். போகலாமா? "பெத்தவன் பெத்தவன்தான்" என்று ஒரு கட்சி. "தறியில கட்டி வளத்தவன வுட்டுட்டுப் போனா அவ பொண்ணா?" என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சியில் வளர்ப்புப் பிள்ளையாக வந்த ஒரு அத்தை இருந்தார். அவர் பேசும்போது மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

இவர்கள் யாரும் மூலத்தில் படிக்கவில்லை. தமிழ்ப் புத்தகமாகக்கூடப் படிக்கவில்லை. கேட்டார்கள். இவர்களுடையது வாசகக் காதல் இல்லை என்றால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*

நாவலின் கடைசியில் சைலஸ், வளர்ந்த எப்பியைக் கூட்டிக்கொண்டு லேன்டர்ன் யார்டைத் தேடிப் போகிறான். அது அங்கே இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய ஆலை நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் கும்பல் கும்பலாக வெளியே வருகிறார்கள். அவன் பழியைத் துடைக்கவோ, உண்மை என்ன என்று கேட்கவோ இனி ஓர் இடமும் இல்லை. பெரும்பாலானவர்கள் வேகமாகத் தாண்டிப்போகும் அத்தியாயம் இது. ஆனால் எலியட் இதை எழுதிய 1861-இல் இங்கிலாந்தின் கைத்தறிக்காரன் கிட்டத்தட்ட முடிந்துபோன கதை. அவனை விழுங்கிய ஆலைகளின் துணிதான் கப்பலில் சென்னைக்கு வந்து நம் தறிகளையும் அடித்தது. அதே கப்பல் வழியாகத்தான் நாவலும் வந்தது. தேசூரில் ஒரு நெசவாளி இந்தக் கதையைக் கேட்கும்போது, தன்னைப் போல ஒருவன் எப்படிக் காணாமல் போனான் என்பதைக் கேட்கிறார். விசைத்தறிச் சத்தம் பக்கத்தில் இருக்கும்போது கேட்கிறார். துணி அட்டைப் பதிப்பு வைத்திருக்கும் நண்பருக்கு இந்த இடம் அழகான சோகம். இவருக்கு அது செய்தி.

அதனால் அவர் நல்ல வாசகர், நீங்கள் மோசமான வாசகர் என்று சொல்ல வரவில்லை. ரெயினால்ட்ஸும் எலியட்டும் ஒன்று என்றும் சொல்லவில்லை. ரெயினால்ட்ஸ் வாரக் கணக்கை நிரப்ப ஜவ்வாக இழுத்த பக்கங்கள் ஏராளம். தரம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிச் சண்டை போடலாம், போட வேண்டும். மூலத்தில் கிடைப்பது சுருக்கத்தில் கிடைக்காது என்பதும் உண்மை, நூல் யாருடையது என்கிற பதிலே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தப் பதிலைத் தேடவைத்த கேள்வி எங்கிருந்து வந்தது? கேள்வி கேட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பதிலை மட்டும் வைத்திருப்பவர்களை ரசிகர்கள் என்று ஏன் அழைக்க வேண்டும்?

ஜார்ஜ் எலியட்டைப் பற்றி ஒரு விஷயம். நாவலாசிரியை ஆவதற்கு முன்னால் அவர் மொழிபெயர்ப்பாளர். ஸ்ட்ராஸின் 'இயேசுவின் வாழ்க்கை'யை 1846-இலும், ஃபாயர்பாக்கின் நூலை 1854-இலும் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஜெர்மன் தெரியாதவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் நினைத்திருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா?

விக்டோரியா கால நாவலை உண்மையாகவே நேசிப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அதைத் தமிழில் கொண்டுவாருங்கள். கொண்டுவரும்போது கல்லூரித் தமிழில் கொண்டுவராதீர்கள். சைலஸ் மிதிப்பது 'நெசவு இயந்திரத்தின் மிதிப்பலகை' இல்லை, தறியின் மிதி. அவன் கையில் ஓடுவது நாடா. அவன் ஏற்றுவது பாவு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலச் சொற்களுக்கு உயிரோடு இருக்கிற தமிழ்ச் சொற்கள் ஆரணியிலும் தேசூரிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கின்றன. அகராதியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தறி வீட்டுக்குப் போங்கள். தறிகள் குறையக் குறைய அந்தச் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. இன்னும் இருபது வருஷம் கழித்து யாராவது 'சைலஸ் மார்ன'ரை மொழிபெயர்க்க உட்கார்ந்தால், சொல் கேட்க ஆள் இருக்காது.

முழுசாக முடியவில்லையா, சுருக்கிக் கொண்டுவாருங்கள். சுருக்கியிருக்கிறேன் என்று முன்பக்கத்தில் போடுங்கள், எங்கிருந்து எடுத்தது என்று போடுங்கள். புதுமைப்பித்தன் கேட்ட நாணயம் அதுதான். அதுவும் முடியவில்லையா, உட்கார்ந்து யாருக்காவது கதையைச் சொல்லுங்கள், ஒலிக்கோப்பாகப் போடுங்கள். தறியில் இருப்பவர்களுக்குக் கையும் காலும்தான் வேலையில் இருக்கின்றன, காது சும்மாதான் இருக்கிறது. ஆரணி குப்புசாமி முதலியாரின் பழைய பதிப்புகளைத் தேடிப் படியுங்கள், படித்துவிட்டுத் திட்டுங்கள். படிக்காமல் திட்டுவதைத்தான் நாம் நூறு வருஷமாகச் செய்துவருகிறோம்.

அடுத்த கூட்டத்தில் யாராவது சுருக்கப் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றால், மூலத்தில் படித்தீர்களா என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் உங்களுக்குச் சண்டை வந்தது என்று கேளுங்கள். அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் உட்காருங்கள்.